பிள்ளைகள் இல்லை, வீட்டையும் சேமிப்பையும் ஒரு பள்ளிக்கு விட்டுச்செல்ல ஆசை. உயிலா, செட்டில்மெண்டா?

திருச்சி_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 69. கணவர் 2016-இல் காலமானார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திருச்சியில் ஒரு வீடு, வங்கி டெபாசிட்டுகள், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், நகை இருக்கின்றன. பென்ஷன் வருவதால் இன்றைய செலவுக்குக் கவலை இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளி இருக்கிறது. கணவர் இருந்த காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கம். என் காலத்துக்குப் பிறகு பெரும்பகுதி அங்கே போக வேண்டும் என்பது என் முடிவு. அதில் மாற்றம் இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். பள்ளி நிர்வாகத்தில் ஒருவர், "உயில் எல்லாம் பின்னால் தகராறு ஆகும்மா, இப்போதே வீட்டை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கடைசிவரை நீங்களே இருந்துகொள்ளுங்கள்" என்கிறார். என்னோடு இருந்து என்னைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் மகள், உயில் போதும் என்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர்_வக்கீல்:
டீச்சர், உயிலா செட்டில்மெண்டா என்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள். வீடு யார் பேரில் வாங்கியது? உங்கள் கணவர் காலமானபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா?

அதற்குள் இதை வாசிக்கும் மற்ற பெண்களுக்கும் ஒரு செய்தி. கணவரும் பிள்ளைகளும் இல்லாத ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தன் சம்பளத்தில் வாங்கிய சொத்துகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2009-இல் ஒரு வழக்கில் இதையே உறுதி செய்தது. அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்து ஆளாக்கியது அம்மா வீடு. சொத்து போனது, அவர் கணவரை இழந்த பிறகு அவரைக் கவனிக்காத கணவர் குடும்பத்துக்கு. பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆகவே டீச்சர், நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் பள்ளிக்கும் ஒன்றும் போகாது, உங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மகளுக்கும் ஒன்றும் போகாது.

திருச்சி_டீச்சர்:
இது எனக்குத் தெரியவே தெரியாது சார். வீடு எங்கள் இருவர் பேரிலும் வாங்கியது, ஆளுக்குப் பாதி. மாமியார் அப்போது இருந்தார்கள். 2019-இல் தவறினார்கள். கணவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. கணவர் உயில் எதுவும் எழுதவில்லை.

கரூர்_வக்கீல்:
நான் பயந்தது சரியாகிவிட்டது. பதற வேண்டாம், தீர்க்கக்கூடியதுதான்.

ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். அம்மாவை எல்லாரும் மறந்துவிடுவார்கள். உங்கள் கணவரின் பாதியில் நீங்களும் மாமியாரும் சமபங்கு. வீட்டில் உங்களுக்கு முக்கால் பங்கு. மாமியாருக்குக் கால் பங்கு. அவர் காலமானதும், அவரும் உயில் எழுதாமல் போயிருந்தால், அந்தக் கால் பங்கு உங்கள் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் போய்விட்டது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உங்கள் பேருக்கு மாறியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இப்போது முழு வீட்டையும் பள்ளிக்கு என்று நீங்கள் உயில் எழுதினாலும் சரி, செட்டில்மெண்ட் எழுதினாலும் சரி, செல்லுபடியாவது முக்கால் பங்குக்குத்தான். மீதிக்காகப் பள்ளிக்கூடம் கோர்ட்டில் நிற்கும். அந்த இருவரிடமும் பேசி, தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்குங்கள், அல்லது அவர்கள் பங்குக்கு உரிய பணத்தைக் கொடுத்து முடியுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே, நீங்கள் நடமாட்டமாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. அவர்களில் ஒருவர் இல்லாமல் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இரண்டு பேர் ஐந்து பேர் ஆகிவிடுவார்கள். பத்திரச் செலவு எவ்வளவு ஆகும் என்பதைப் பதிவு அலுவலகத்தில் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுத்துறை_ஓய்வு:
வக்கீல் சார் அடித்தளத்தைச் சொல்லிவிட்டார். உங்கள் மூலக் கேள்விக்கு வருகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் சார்பதிவாளர் அலுவலகங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் நிலையில் இருப்பவர் வீட்டை உயிர் வாழும்போதே எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

செட்டில்மெண்ட் பதிவாகி, எதிர்த் தரப்பு ஏற்றுக்கொண்டுவிட்டால் வீடு அன்றைக்கே அவர்களுடையது. நாளைக்கு மனம் மாறினது என்று ரத்து செய்ய முடியாது. பத்திரத்திலேயே இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனை இருந்தால், அதுவும் உங்கள் இஷ்டத்தை மட்டும் சார்ந்ததாக இல்லாவிட்டால்தான் ரத்து. "கடைசிவரை நீங்களே இருங்கள்" என்று வாயால் சொல்வது செல்லாது. ஆயுள்கால அனுபவ உரிமையைப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டு தானம் கொடுக்கலாம், அப்படிக் கொடுத்த தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வழி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 80 வயதில் உங்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சை என்று வந்தால் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ உங்களால் முடியாது. முதியோர் இல்லத்துக்குப் போக நினைத்தாலும் வீட்டைப் பணமாக்க முடியாது.

செலவும் இருக்கிறது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குத்தான் சலுகை. குடும்ப உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு, அறக்கட்டளையாக இருந்தாலும், தமிழ்நாட்டில் சந்தை மதிப்பில் 7 சதவிகிதம் முத்திரைத் தீர்வை, 2 சதவிகிதம் பதிவுக் கட்டணம். அந்தப் பணம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணம்.

உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். பதிவு கட்டாயம் இல்லை, இருந்தாலும் பதிவு செய்யுங்கள். ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உயில், பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கென்று தனியாக வைக்கும் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகிறது. வில்லங்கச் சான்றிதழில் வராது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கோ நீங்கள் அதிகாரம் கொடுத்தவருக்கோ மட்டும்தான் நகல் கிடைக்கும். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு.

கோவை_கணக்கர்:
நான் இரண்டு அறக்கட்டளைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். வாங்கும் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பள்ளிக்காரர் அவசரப்படுத்துவதை வைத்து அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். உயிலில் எழுதிவைத்த சொத்து கைக்கு வராமல் போனதை நிறுவனங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன. பெரும்பாலும் காரணம் உயில் மோசமாக எழுதப்பட்டிருப்பதுதான். நான் பார்த்த ஓர் உயிலில் "என் சொத்தைத் தர்ம காரியங்களுக்குச் செலவிடவும்" என்று மட்டும் இருந்தது. எந்தத் தர்மம், யார் செய்வது? 1899-லேயே, அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், "தர்மத்துக்கு" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய உயில் வாசகம் நிச்சயமற்றது, செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்றும் அப்படியே எழுதுகிறார்கள்.

பள்ளிக்கு என்று சட்டப்படியான உருவம் ஒன்று இருக்கும். டிரஸ்டா, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கமா, லாபநோக்கில்லாத கம்பெனியா என்று கேளுங்கள். வாசலில் உள்ள போர்டுப் பெயர் ஒன்றாக இருக்கும், பத்திரத்துப் பெயர் வேறாக இருக்கும். பதிவு எண், பான் எண்ணோடு முழுப் பெயரை எழுத வேண்டும். டிரஸ்ட் பத்திரத்தின் நகலையும் கடந்த சில வருடத் தணிக்கை அறிக்கைகளையும் தயங்காமல் கேளுங்கள். நல்ல நிறுவனம் சந்தோஷமாகக் கொடுக்கும். கொடுக்கத் தயங்கினால், எத்தனை வருடப் பழக்கமானாலும், நான் ஒரு ரூபாய்கூட எழுத மாட்டேன்.

அப்புறம், உங்களுக்கு முன்னால் அந்தப் பள்ளி மூடிவிட்டால்? "அந்த நிறுவனம் இல்லாமல் போனாலோ ஏற்க மறுத்தாலோ, காது கேளாத குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டில் இயங்கும் இன்ன நிறுவனத்துக்கு" என்று மாற்றுப் பெயர் ஒன்றும் சேருங்கள்.

வீட்டை வீடாகவே வைத்திருக்க வேண்டும், விற்கக் கூடாது என்று கட்டிப்போடாதீர்கள் என்பதுதான் நான் கெஞ்சிக் கேட்பது. தெருவுக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பள்ளி என்ன செய்யும்? வாடகை வசூல், வரி, பழுது, காலி செய்யாத குடித்தனக்காரர் எல்லாம் பாரமாகிவிடும். "விற்றுக் கிடைக்கும் தொகையை மூலநிதியாக வைத்து அதன் வட்டியிலிருந்து காது கேட்கும் கருவிகளுக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் செலவிடலாம், நிர்வாகம் அவசியம் என்று கருதினால் மூலத்தையும் பயன்படுத்தலாம்" என்ற மாதிரி இடம் விட்டு எழுதுங்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளுக்கு எது தேவைப்படும் என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது.

மதுரை_மல்லி:
வருமான வரிச் சலுகை பற்றி யாரும் சொல்லவில்லையே? இப்போதே கொடுத்தால் 80ஜி கிடைக்காதா?

கோவை_கணக்கர்:
80ஜி என்று நாம் பழகிய சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான். வீடு, நகை, பொருளுக்குக் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. நம் நாட்டில் மரணச் சொத்து வரி 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே வரிக்காக அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

லண்டன்_வாசி:
இங்கே நிலைமை தலைகீழ். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் யாராவது வாசித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்குப் பொதுவாக 40 சதவிகித வாரிசு வரி. அறநிறுவனத்துக்குப் போகும் பங்குக்கு வரி கிடையாது. நிகர சொத்தில் குறைந்தது 10 சதவிகிதத்தை அறத்துக்கு விட்டால் மீதிக்கான வரி விகிதமே 36 ஆகக் குறைகிறது. ஆனால் நம் ஊர்ப் பள்ளிக்கு நேரடியாக எழுதினால் இந்த விலக்கு வராது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வேலை செய்யும், பிரிட்டனில் பதிவான அறநிறுவனத்தின் பெயரில் எழுத வேண்டும்.

நியூஜெர்சி_அப்பா:
நான் அமெரிக்கக் குடிமகன். நான் படித்த கிராமத்துப் பள்ளியின் டிரஸ்டுக்கு என் உயிலில் பணம் எழுத முடியுமா?

கோவை_கணக்கர்:
எழுதலாம் சார், ஆனால் அந்த டிரஸ்ட் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி பாராளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இரண்டும் இல்லாத டிரஸ்ட் வாங்கினால் அது குற்றம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நீங்கள் குடியுரிமை மாறிவிட்டதால் வெளிநாட்டு மூலம் என்ற கணக்கில் வருகிறீர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான்.

நாகூர்_தம்பி:
எங்கள் மார்க்கத்தில் வஸிய்யத், அதாவது உயில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மீதி இரண்டு பங்கு வாரிசுகளுக்கு விதித்தபடி. எங்கள் வாப்பா ஒரு மருத்துவ உதவி நிதிக்கு அப்படித்தான் எழுதினார், எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டே எழுதினார்.

பாளை_ஸ்டீபன்:
கிறிஸ்தவர்களுக்கு முன்பு ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் இருந்தால், இறப்பதற்கு 12 மாதத்துக்கு முன்பே உயில் எழுதியிருந்தால்தான் அறத்துக்கு விட்டது செல்லும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டம் 118-ஆவது பிரிவு சொன்னது. ஜான் வள்ளமட்டம் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள், நம்ப வேண்டாம்.

வடசென்னை_வாசகன்:
பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது தர்மங்களுக்கென்று உயில் எழுதி வைத்துத்தான் போனார். பொறுப்பில் இருந்தவர்களின் சண்டையிலும் வழக்கிலும் பணம் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, கோயில் கட்டளைகள் போக மிஞ்சிய பணத்தைக் கல்விக்குத் திருப்பிய பிறகு 1842-இல்தான் பள்ளிக்கூடம் வந்தது. நாம் பச்சையப்பன் கல்லூரி என்று கொண்டாடுவது அந்தப் பணம்தான். கொடுத்தவரின் மனசு அவ்வளவு பெரியது. ஆனால் இடையில் ஒரு தலைமுறைக்கு மேல் யாருக்கும் பயன்படாமல் கிடந்ததே என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். உயிலை நிறைவேற்றப்போவது யார் என்பதை டீச்சர் மிகவும் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

கரூர்_வக்கீல்:
நூற்றுக்கு நூறு சரி. எக்ஸிகியூட்டராக உங்களைவிட வயதில் இளையவர், ஊரில் இருப்பவர், பணவிஷயத்தில் சுத்தமானவர் ஒருவரையும், அவரால் முடியாவிட்டால் என்று இன்னொருவரையும் எழுதுங்கள். யாரும் அமையவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் அலுவலகம் இருக்கிறது. அரசு அதிகாரி, அவரையே எக்ஸிகியூட்டராக நியமிக்கலாம். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்றுதான் புரோபேட்; திருச்சியில் உள்ள சொத்துக்கு அது கட்டாயம் இல்லை. தகராறு வரும் என்று தெரிந்தால் எக்ஸிகியூட்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

சேலம்_செல்வி:
எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். டீச்சரோடு இருந்து மருந்து எடுத்துக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் அந்த அண்ணன் மகளுக்கு என்ன? ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பெரிய விஷயம்தான். கூடவே இருப்பவளை வெறுங்கையாக விட்டுவிட்டு அறம் செய்வது எனக்கு ஒப்பவில்லை.

திருச்சி_டீச்சர்:
செல்வி, நீ கேட்டது நியாயம்மா. டெபாசிட்டுகளும் நகைகளும் அவளுக்குத்தான். அவள்தான் நாமினி. வீடும் ஃபண்டும் பள்ளிக்கு. இதை அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறேன்.

கரூர்_வக்கீல்:
நாமினி என்பதால் சொத்து அவளுடையது ஆகிவிடாது டீச்சர். வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு உரிமையாளர் உயிலின்படி யாரோ அவர்தான், உயில் இல்லாவிட்டால் சட்டப்படி வாரிசு யாரோ அவர்தான். ஷேர், ஃபண்ட் விஷயத்திலும் இதையே உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போதைய நிலையில் உங்கள் கொழுந்தனாரும் நாத்தனாரும் கேட்டால் அந்த டெபாசிட்டை அவள் கொடுக்க வேண்டி வரும். ஆகவே அவளுக்கு உரியதையும் உயிலில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். கடைசியில், "இதில் குறிப்பிடாத, இனி நான் சம்பாதிக்கும் மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

வங்கிக் கணக்குக்குத் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும். மியூச்சுவல் ஃபண்டில் அறக்கட்டளையை நாமினியாகப் போட இடம் இருக்கிறது. அதைச் செய்யுங்கள், உயிலிலும் அப்படியே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பள்ளிக்கு அலைச்சல் குறையும்.

கணவர் குடும்பத்துக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு மரியாதையாக ஒரு காரணம் எழுதுங்கள். வாரிசுகளை விட்டுவிட்டு வெளியாருக்குப் பெரும்பகுதி போகும் உயிலை நீதிமன்றம் கூர்ந்து பார்க்கும். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை ஏதும் இருந்தால் அதைப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று 1959-லேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டார்கள். பள்ளி நிர்வாகத்தினர் யாரும் உயில் எழுதும் இடத்திலோ பதிவு அலுவலகத்திலோ உங்களோடு நிற்கக் கூடாது. வக்கீலையும் நீங்களே பாருங்கள். நீங்கள் தெளிவான நினைவோடு இருக்கிறீர்கள் என்று உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அன்றைய தேதியிட்டுச் சான்று வாங்குங்கள்.

பதிவுத்துறை_ஓய்வு:
சாட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பேர் வேண்டும். உங்கள் வயதொத்த நண்பர்களைப் போடாதீர்கள். வழக்கு என்று வந்தால் உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். உயிலில் பயன் பெறும் யாரும் சாட்சியாக வேண்டாம். நீங்கள் வேலை பார்த்த பள்ளியில் இப்போது இருக்கும் ஆசிரியர்கள் பொருத்தமாக இருப்பார்கள்.

திருச்சி_டீச்சர்:
என் மாணவர்களே இரண்டு பேர் இப்போது அங்கே ஆசிரியர்கள். அவர்களிடம் கேட்கிறேன் சார்.

நேற்று கொழுந்தனாரிடம் தொலைபேசியில் பேசினேன். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணி, அம்மா பங்கு எங்களுக்கு வந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது, பள்ளிக்குத்தானே, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். நாத்தனார் மகன்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பணம் கேட்டால் அவர் பங்குக்கான தொகையை ஒரு டெபாசிட்டை உடைத்துக் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறேன். பள்ளிக்காரரிடமும் செட்டில்மெண்ட் இல்லை, உயில்தான் என்று சொல்லிவிட்டேன். டிரஸ்ட் பத்திர நகலும் தணிக்கை அறிக்கைகளும் கேட்டேன். திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்.

ஒரே ஒரு சந்தேகம். நாத்தனார் பத்திரம் முடிய மாதக்கணக்கில் ஆகும் போலிருக்கிறது. அதுவரை உயிலுக்குக் காத்திருக்கவா?

கரூர்_வக்கீல்:
காத்திருக்க வேண்டாம். "இந்த வீட்டில் இன்று எனக்குள்ள பங்கும், இனி எனக்கு வந்து சேரும் பங்கும்" என்று எழுதி இந்த வாரமே உயிலைப் பதிவு செய்யுங்கள். விடுதலைப் பத்திரம் வந்ததும் அந்தப் பங்கும் தானாக உயிலுக்குள் வந்துவிடும். வாசகத்தை வக்கீல் எழுதிக் கொடுத்ததும், பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். கணக்கர் சாரும் நானும் பார்க்கிறோம்.